‘இவர் படிக்கிற டாக்டரா?’ – குழந்தை நல மருத்துவப் பயிற்சி பற்றிய வாசகர் கேள்விகள்

குழந்தைகள் வார்டில் இரவும் பகலும் நாம் காணும் இளம் மருத்துவர்கள் யார், அவர்கள் எப்படிப் பழக்கப்படுகிறார்கள் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு, அரசு மருத்துவக் கல்லூரியில் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்ற குழந்தை நல மருத்துவப் பேராசிரியர் ஒருவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: நிமோனியா என்று என் 14 மாதக் குழந்தையை ஓர் அரசு மருத்துவமனையில் ஒரு வாரம் வைத்திருந்தோம். இளம் மருத்துவர்கள் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். ஒருவர் இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. அவர்களில் யாரும் தாம் யார் என்று சொல்லவில்லை. பெரிய டாக்டர் காலையில் ஒரு தடவைதான் வந்தார். என் பிள்ளையை வைத்துப் பழகினார்களோ என்ற எண்ணம் இன்னும் மனதை அறுக்கிறது. – ஒரு தாய், விழுப்புரம்

பதில்: உங்கள் வேதனை நியாயமானது, அம்மா. எனவே மழுப்பாமல் சொல்கிறேன். அந்த நால்வரும் கற்றுக்கொண்டிருந்தவர்கள்தாம். ஆனால் உங்கள் குழந்தைக்கு என்ன மருந்து, எத்தனை நாள், எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை அவர்கள் தனியாக முடிவு செய்திருக்க மாட்டார்கள்.

அவர்களில் ஒருவர், நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ். பாடங்களை முடித்து ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியில் இருக்கும் சி.ஆர்.ஆர்.ஐ. ஆக இருக்கலாம்; பழைய வழக்கில் ஹவுஸ் சர்ஜன் என்போம். மற்றவர்கள் அநேகமாகப் பட்டமேற்படிப்பு மருத்துவர்கள். வார்டில் அவர்களை ‘பி.ஜி.’ என்று அழைப்பார்கள். அவர்கள் மருத்துவராகப் பதிவு பெற்றபின், குழந்தை நல மருத்துவத்தில் மூன்று ஆண்டு எம்.டி. பயில்பவர்கள். ஒரு மூத்த மருத்துவரின் தலைமையில் இயங்கும் குழுவை யூனிட் என்போம்; ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட அட்மிஷன் நாள் உண்டு. அன்று வரும் குழந்தையை முதலாம் ஆண்டு பி.ஜி. பரிசோதித்து கேஸ் ஷீட் எழுதுவார், மூத்த பி.ஜி. அதைச் சரிபார்ப்பார்; பணியில் உள்ள உதவிப் பேராசிரியர் மருத்துவத்தை உறுதி செய்வார்; மறுநாள் ரவுண்ட்ஸில் யூனிட் தலைவர் அனைத்தையும் மீண்டும் கேட்டுப் பார்ப்பார். இந்த அடுக்குகளில் பெரும்பகுதி உங்கள் கண்ணில் படாத மேசையிலும் தொலைபேசியிலும் நடப்பதால், பெரியவர் யாருமே பார்க்கவில்லை என்ற எண்ணம் பெற்றோருக்கு வந்துவிடுகிறது.

ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்பதில் கற்றல் ஒரு காரணம். மற்றொன்று, முதல் முறை பதறிய மனதுடன் சொன்ன பதிலும், மூச்சு சற்று ஆறிய பிறகு சொல்லும் பதிலும் வேறுபடும் என்பது. என் யூனிட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று, இருமலும் மூச்சிரைப்பும் குறையாமல் மூன்று நாள் இருந்தது. நான்காவதாக அதே கேள்விகளைக் கேட்ட முதலாம் ஆண்டு மாணவியிடம்தான், இருமல் தொடங்கிய பொழுதில் பேரன் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான் என்று பாட்டிக்கு நினைவு வந்தது. மூச்சுக்குழாய்க்குள் கருவி செலுத்திப் பார்த்தபோது வேர்க்கடலைப் பருப்பின் பாதி அங்கே சிக்கியிருந்தது. அதை எடுத்தவுடன் குழந்தை தேறிவிட்டது. எங்களில் மூத்தவர்கள் மூவரும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்தாம்.

ஊசியைப் பொறுத்தவரை, 14 மாதக் குழந்தையின் கொழுகொழுத்த கையில் ரத்தக்குழாயைக் கண்டுபிடிப்பது அனுபவம் உள்ளவர்களுக்கும் கடினம். பொம்மைக் கையில் பழகிய பிறகே உண்மையான கையைத் தொட வேண்டும். இரண்டு முறை முயன்றும் கிடைக்காவிட்டால் விலகி நின்று மூத்தவரை அழைக்க வேண்டும் என்பது என் யூனிட்டில் விதியாக இருந்தது. எந்த மருத்துவமனையிலும் ‘மூத்தவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்’ என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. அந்த நால்வரில் ஒருவர்கூடத் தாம் யார் என்று உங்களிடம் சொல்லவில்லை. ‘அம்மா, நான் இந்த யூனிட்டின் முதலாம் ஆண்டு மருத்துவர், இன்னார் மேற்பார்வையில் உங்கள் குழந்தையைப் பார்க்கிறேன்’ என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அதை வழக்கமாக்காதது அந்த இளைஞர்களின் குறை அல்ல, கற்பிக்கும் எங்கள் குறை.

கேள்வி: பேசத் தெரியாத குழந்தைக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க ஒரு மருத்துவரை எப்படிப் பழக்குகிறீர்கள்? – ஓய்வு பெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, மூன்று ஆண்டுப் பயிற்சியின் பெரும்பகுதி இந்த ஒரு திறமைக்காகத்தான்.

புதிதாகச் சேரும் மாணவரை முதல் வாரத்தில் ஸ்டெதஸ்கோப்பைப் பைக்குள் வைக்கச் சொல்வேன். குழந்தையைத் தாயின் மடியிலிருந்து பிரிக்காமல், தொடாமல், நாலடி தள்ளி நின்று அரை நிமிடம் பார்க்க வேண்டும். அது சுற்றிலும் கவனிக்கிறதா, தாயின் முகத்தைத் தேடுகிறதா, அழுகையில் வலு இருக்கிறதா என்பது ஒன்று. மூச்சு விடும்போது மூக்கு விடைக்கிறதா, விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுக்கிறதா என்பது இன்னொன்று. தோல் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ திட்டுத்திட்டாகவோ இருக்கிறதா என்பது மூன்றாவது. இந்த மூன்றில் எதிலாவது பழுது தெரிந்தால், நோயின் பெயர் தெரியாவிட்டாலும் அந்தக் குழந்தையை உடனே கவனிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது மூச்சை எண்ணுவது. எளிதாகத் தோன்றும், ஆனால் பெரும்பாலானோர் முதலில் தவறாகச் செய்வது இதைத்தான். பச்சிளம் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது. சற்று வேகமெடுத்து, சற்றே நின்று, மீண்டும் தொடரும். ஆகவே கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது கூடாது. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அழும்போது எண்ணினால் பயனில்லை. தாய் பால் கொடுத்து அமைதியாகும் வரை காத்திருக்க வேண்டும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம் வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. இருமலோடு வரும் குழந்தையில் நிமோனியாவைச் சந்தேகிக்க, எக்ஸ்ரேக்கு முன்னால் நம்மிடம் இருப்பது இந்த எண்ணிக்கைதான்.

பிறகு தாயின் சொல். ‘பிள்ளை எப்பவும் போல இல்ல டாக்டர்’ என்று ஒரு தாய் சொன்னால் அதை அவர் சொன்னபடியே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும் என்று வற்புறுத்துவேன். ‘உச்சிக்குழி உள்ள விழுந்துடுச்சு’ என்று கிராமத்துப் பாட்டி சொல்வது, உடலில் நீர் வற்றியதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் அதே அறிகுறி. ‘மாந்தம்’ என்ற சொல்லை ஒருவர் அஜீரணத்துக்குச் சொல்வார். இன்னொருவர் வலிப்புக்குச் சொல்வார். மருத்துவர் அந்தச் சொல்லோடு நின்றுவிடாமல், ‘அப்போது கண் என்ன செய்தது, கை கால் எப்படி இருந்தது’ என்று கேட்டு, நடந்ததைத் தாயைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

சில பாடங்கள் நம் ஊர் வார்டுகளில்தான் ஆழமாகப் பதியும். டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் விட்டதும் வீடே நிம்மதி அடையும் அந்த நாளில்தான், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து குழந்தை அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடும். புதிய மாணவர் ரத்தத் தட்டணு எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அனுபவப்பட்டவர் உள்ளங்கால் சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20-க்குச் சுருங்கிவிட்டதா என்று கவனிப்பார், ரத்தத்தின் அடர்த்தி ஏறுகிறதா என்று சில மணிக்கு ஒரு முறை பார்ப்பார். ஒருவர் தட்டணுவிலிருந்து உள்ளங்காலுக்கு வந்து சேர ஒரு மழைக்காலம் முழுவதும் டியூட்டி பார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கும் உண்டு. பெரியவர்களுக்கு ‘ஒரு மாத்திரை’ என்று எழுதிவிடலாம். எங்கள் துறையில் பெரும்பாலான மருந்துகளுக்கு எடைக்கு ஏற்ற கணக்கு. 10 கிலோ குழந்தைக்குக் காய்ச்சலுக்கான பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 150 மில்லிகிராம். ஆனால் கடையில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப், 250 உள்ள சிரப், ஒரு மில்லிக்கே 100 உள்ள சொட்டு மருந்து என்று மூன்று விதம் கிடைக்கிறது. முதலாவதில் 6 மில்லிக்குச் சற்று மேல், இரண்டாவதில் 3 மில்லி, மூன்றாவதில் ஒன்றரை மில்லி. ‘ஒரு ஸ்பூன் கொடுங்கள்’ என்று ஒரு பி.ஜி. சொல்லி, வீட்டில் இருப்பது சொட்டு மருந்தாக இருந்துவிட்டால், 5 மில்லியில் குழந்தைக்குள் போவது 500 மில்லிகிராம். ஆகவே எந்தப் புட்டி, அதில் எத்தனை மில்லி என்று சொல்லாத மருந்துச் சீட்டை என் யூனிட்டில் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பிரசவ அறையில் நேரமே வேறு. பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு முதல் மூச்சை எடுக்க ஏதாவது உதவி தேவைப்படும். துடைத்து, சூடாக வைத்து, தூண்டிவிட்டும் மூச்சு வராவிட்டால், பையும் முகமூடியும் கொண்டு முதல் நிமிடத்துக்குள் காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். அதை ‘பொன்னான நிமிடம்’ என்கிறோம். இதை மட்டும் குழந்தையை வைத்துக் கற்றுக்கொள்ள விடுவதில்லை. கை தானாக இயங்கும் வரை பொம்மையில் பழக வேண்டும்.

கேள்வி: என் மகள் எம்.டி. குழந்தை நலம் முதலாம் ஆண்டு. காலை 8 மணிக்குப் போனால் மறுநாள் மாலைதான் விடுதிக்குத் திரும்புகிறாள். ‘நாங்களும் அப்படித்தான் படித்தோம்’ என்கிறார்களாம் மூத்தவர்கள். இது தேவைதானா? – ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: தேவையில்லை. ‘நாங்களும் அப்படித்தான் படித்தோம்’ என்பதை நானும் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன்; அது தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

நான் முதலாம் ஆண்டு படித்தபோது, ஒரு நாளுக்கு மேல் தூங்காமல் இருந்த ஓர் இரவில், 3 கிலோ எடையுள்ள பச்சிளம் குழந்தைக்கு ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து 7.5 மில்லிகிராம் என்று எழுத வேண்டிய இடத்தில் 75 என்று எழுதினேன். மருந்தை எடுக்கப் போன செவிலியர் திரும்பி வந்து, ‘இது பெரியவங்களுக்குப் போடுற அளவாச்சே டாக்டர்’ என்றார். அவர் கேட்டிராவிட்டால் அந்தக் குழந்தையின் சிறுநீரகமும் செவியும் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, விழிப்பு இல்லை.

பயிற்சி மருத்துவரைக் குறிக்கும் ‘ரெசிடென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கே தங்கியிருப்பவர் என்றுதான் பொருள். 1889-இல் திறக்கப்பட்ட பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் வகுத்த முறையில், பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே வாழ்ந்தார்கள். நோயாளியின் அருகில் இருந்து கற்பது என்ற அதன் கரு இன்றும் சரியானது. ஆனால் தூக்கமில்லாமல் இருப்பதும் கற்றலின் பகுதி என்று நாளடைவில் நம்பத் தொடங்கினார்கள். 1984-இல் நியூயார்க்கில் 18 வயது மாணவி ஒருத்தி மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்ததும், அங்கே நீண்ட நேரப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர்களே அவளைக் கவனித்தார்கள் என்பது வெளிவந்ததும் பெரும் விவாதத்தைக் கிளப்பின. 1989-இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003-இல் அமெரிக்கா முழுவதும் அந்த வரம்பு வந்தது. 80 மணி நேரமே அதிகம் என்பது என் கருத்து.

நம் நாட்டில் 1992-லேயே மத்திய அரசின் ரெசிடென்ட் மருத்துவர் திட்டம், தொடர் பணி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்லிவிட்டது. ஆனால் தாளில் இருந்தது வார்டுக்கு வரவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு பட்டமேற்படிப்பு விதிகள், ‘நியாயமான’ பணி நேரம், ஓய்வுக்கு ‘நியாயமான’ நேரம், பணி அனுமதித்தால் வாரம் ஒரு நாள் விடுமுறை, ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் தற்செயல் விடுப்பு என்கின்றன. நியாயமானது எது என்று எண்ணில் சொல்லாத விதியை யாரும் தமக்கு வேண்டியபடி வளைத்துக்கொள்ளலாம். அங்கே ஓர் எண் எழுதப்பட வேண்டும்.

நேரத்தைக் குறைத்தால் மட்டும் போதாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பணி நேரம் குறைந்தால் ஒரு குழந்தை ஒரு மருத்துவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அடிக்கடி மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒன்று விடுபடும். இதற்கு வட அமெரிக்காவில் குழந்தை நலப் பயிற்சி நடக்கும் ஒன்பது மருத்துவமனைகளில் ஒரு வழி தேடினார்கள். குழந்தையின் நிலை எவ்வளவு தீவிரம், இதுவரை நடந்தது என்ன, இன்றிரவு செய்ய வேண்டியது என்ன, எது தவறிப் போனால் என்ன செய்வது என்ற வரிசையில் ஒப்படைப்பவர் சொல்ல, கேட்டவர் தாம் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்படிப் பழக்கிய பிறகு மருத்துவத் தவறுகள் 23 விழுக்காடும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 விழுக்காடும் குறைந்தன என்று 2014-இல் வெளியிட்டார்கள். இதற்குக் கருவியும் பணமும் பெரிதாக வேண்டியதில்லை. இரவு டியூட்டி மாறும்போது யாரும் குறுக்கிடாத இருபது நிமிடம் வேண்டும்.

உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்: களைத்திருக்கும் இரவில் மருந்தளவை எழுதினால் செவிலியரிடமோ சக பி.ஜி.யிடமோ உரக்க வாசித்துக் காட்டட்டும். அரை என்பதை எப்போதும் புள்ளிக்கு முன் சுழியம் இட்டு 0.5 என்று எழுதட்டும். ஐந்து என்பதை ஒருபோதும் 5.0 என்று எழுத வேண்டாம்; புள்ளி கண்ணில் படாவிட்டால் அளவு பத்து மடங்காகிவிடும். நீண்ட டியூட்டி முடிந்து அவளே வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் அழுதால் ‘எல்லோரும் படித்ததுதானே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உறக்கமின்மையும், ஒரே வாரத்தில் காணும் குழந்தை மரணங்களும் சேர்ந்து நல்ல மாணவர்களை உடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை வந்தால், அது பலவீனம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

கேள்வி: எம்.பி.பி.எஸ். இறுதி ஆண்டு படிக்கிறேன். குழந்தை நலம் எடுக்க ஆசை. எந்த வழியில் போவது, மூன்று ஆண்டுகள் எப்படி இருக்கும்? – மாணவர், மதுரை

பதில்: பெரும்பாலான எம்.டி. இடங்களுக்கு முதுநிலை நீட் தேர்வு. ஜிப்மர், எய்ம்ஸ் போன்றவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு. தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் மூன்று ஆண்டு டி.என்.பி. பட்டமும் எம்.டி.க்கு இணையானதே. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் முன்பிருந்த இரண்டு ஆண்டு டி.சி.எச். (குழந்தை நலப் பட்டயம்) இடங்கள் பெரும்பாலும் எம்.டி. இடங்களாகிவிட்டன.

பொது வார்டு, பச்சிளம் குழந்தைப் பிரிவு, தீவிர சிகிச்சை, புறநோயாளிப் பிரிவு என்று மாறி மாறிப் பணி இருக்கும். ஓர் ஆய்வேட்டை முடிக்க வேண்டும். மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். கடைசியாகச் சொன்னதைத் தண்டனையாக நினைப்பவர்கள் உண்டு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நிபுணர் அருகிலேயே இருப்பார். மாவட்டத்தில் நீங்கள் இருக்கும் கருவியைக் கொண்டு, யாரை இங்கேயே பார்ப்பது, யாரை எப்போது ஆம்புலன்ஸில் ஏற்றுவது என்று தீர்மானிக்கப் பழகுவீர்கள். நிறைவுத் தேர்வில் எழுத்துத் தாள்கள் நான்கு. அதோடு குழந்தைகளைப் பரிசோதித்து, தேர்வாளர்கள் முன் உங்கள் முடிவைக் காரணத்தோடு நிறுவ வேண்டும்.

சேருமுன் ஒன்று செய்து பாருங்கள். ஹவுஸ் சர்ஜனாகக் குழந்தைகள் வார்டுக்கு வரும்போது, அழும் குழந்தையிடம் உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, அது ஏன் அழுகிறது என்ற ஆர்வம் வருகிறதா என்று கவனியுங்கள். மதிப்பெண்ணைவிட அதை வைத்தே முடிவெடுக்கச் சொல்வேன்.

கேள்வி: 32 வாரத்தில் பிறந்த என் மகனுக்கு மூளையில் ரத்தக் கசிவு என்று ஓர் இளம் மருத்துவர் நடைபாதையில் நின்றபடி இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனார். குழந்தை இப்போது 25 நாள், வீட்டில் நலமாக இருக்கிறான். இப்படிச் சொல்லத்தான் கற்றுக்கொடுக்கிறீர்களா? – ஒரு தந்தை, ஓசூர்

பதில்: இல்லை. ஆனால் வேறு விதமாகச் சொல்லவும் நெடுங்காலம் நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. மூத்தவர் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, அவரைப் போலவே சொல்லப் பழகினோம். நல்ல மூத்தவர் வாய்த்தவர்கள் தப்பித்தார்கள். இப்போது பல இடங்களில், மாணவர் ஒருவர் தந்தையாகவும் இன்னொருவர் மருத்துவராகவும் நடித்துப் பழகி, பிறகு மூத்தவரின் முன்னிலையில் உண்மையான பெற்றோரிடம் பேசுகிறார். தாயையும் தந்தையையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டும். மருத்துவரும் உட்கார வேண்டும். குழந்தையைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்ட பிறகே தொடங்க வேண்டும். கசிவு என்றால் எந்த அளவு, இப்போது என்ன ஆபத்து, பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சொன்னதும் எழுந்து போகாமல் அவர்கள் மௌனமாக இருக்கும் நேரத்தில் உடன் இருக்க வேண்டும். அதிர்ச்சியில் பாதி காதில் விழுந்திராது என்பதால், மாலையில் மறுபடியும் வர வேண்டும்.

உங்களுக்கு அது கிடைக்கவில்லை, அதற்காக வருந்துகிறேன். இப்போதும் அதைப் பெறலாம். டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் மூளை ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, யூனிட் தலைவர் இருக்கும் நாளைக் கேட்டறிந்து, மனைவியையும் அழைத்துச் சென்று, கசிவு எந்த நிலை, மறு ஸ்கேன் எப்போது என்று கேளுங்கள். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். உங்கள் மகனுக்கு அது ஆகவில்லை என்றால் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். செவித்திறன் பரிசோதனை முடிந்ததா என்றும் பாருங்கள். பிறகு, மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையத்தில் பெயர் பதிந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வளர்ச்சியைப் பரிசோதியுங்கள். தலை நிற்பது, குப்புறப் படுப்பது, உட்காருவது ஆகியவற்றை, பிறந்த தேதியிலிருந்து அல்ல, மருத்துவர்கள் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவ தேதியிலிருந்து கணக்கிட வேண்டும்.